பாக்ஸரும் அரிசி மில் சாம்பியனும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பாக்ஸரிடம் குத்து வாங்காத ஆம்பிளை ஒருத்தரும் கிடையாது. டியூஷன் வாத்தியாரிலிருந்து தேவனாம்பட்டினத்துப் படகுக்காரர்கள் வரை அத்தனை பேரையும் மல்லாக்கப் படுக்க வைத்திருக்கிறான். நிஜத்தில் அவன் கொசுவைக்கூட அடிக்க மாட்டான். ஊதித்தான் விரட்டுவான்.

பாக்ஸர் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். கடை ஒரு சாக்குதான். உள்ளே டி.வி.யும் வீடியோ கேம் பெட்டியும் இருக்கும். ஒரே ஒரு ஆட்டம்: ஜப்பானில் மட்டும் விற்ற அனிமே குத்துச்சண்டை. சிங்கப்பூர் சித்தப்பா மூலம் வரவழைத்தான். எல்லாமே ஜப்பான் எழுத்து. 'ஆட்டத்தைத் தொடங்கு' என்று நம்பி நாங்கள் அமுக்கிக்கொண்டிருந்தது, 'குத்துச்சண்டையிலிருந்து ஓய்வு பெறுகிறேன்' என்பதை. எங்கள் வீரர்கள் ஒரு குத்துகூட விடாமல் ரிட்டயர் ஆகிக்கொண்டே இருந்தார்கள்.

அப்புறம் எந்தெந்த நாட்டு ரசிகர்களோ சேர்ந்து, அந்த ஆட்டத்துக்கு இங்கிலீஷ் எழுத்தும் பளிச்சென்ற படமும் செய்து இணையத்தில் சும்மா கொடுத்தார்கள். பாக்ஸருக்கு அது போதவில்லை. அதன்மேல் தமிழை ஏற்றினான். பிறகு எங்கள் மூஞ்சிகளை ஏற்றினான். கடலில் விழுந்த போனோடு யார் வந்தாலும், "காயட்டும்ணே, அதுக்குள்ள ஒரு ரவுண்டு" என்று உட்கார வைத்துப் போட்டோ எடுத்துவிடுவான். சில நாளில் அந்த அண்ணன், ஜப்பான் வழக்கப்படி தட்டு அகலக் கண்ணோடு ரிங்கில் நிற்பார். என்னை என் தொப்பையோடே ஏற்றிவிட்டான்.

"கொஞ்சம் கொறைடா" என்று கெஞ்சினேன்.

"உண்மையா இருக்கணும் மச்சான். இல்லன்னா என்னா ஆட்டம்?"

இந்த அரிச்சந்திரனுக்குக் காட்டுமன்னார்கோயிலில் ஒரு மாமா. அம்மாவின் கூடப்பிறந்த தம்பி, அரிசி மில் முதலாளி. அவர் மகள் கவிதாவும் இவனும் ஒருத்தர் மேல் ஒருத்தர் உயிராக இருந்தார்கள். மாமாவோ, "முப்பது வயசுல பொம்மச் சண்ட போடறவனுக்கு எம் பொண்ணா? வூட்டுலயே வெச்சிக் காப்பாத்துவேன்" என்றுவிட்டார்.

பாக்ஸர் எதிர்த்துப் பேசவில்லை. மாமாவை ஆட்டத்தில் ஏற்றினான், அதுவும் கடைசிச் சாம்பியனாக. மஞ்சக்குப்பமே மோதிப் பார்த்தது. பாக்ஸராலேயே அவரை அசைக்க முடியவில்லை.

எந்தப் புண்ணியவான் வத்தி வைத்தானோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிதம்பரத்தில் பஸ் மாறி மாமா வந்து இறங்கிவிட்டார். நாங்கள் ஆளுக்கொரு போனை எடுத்து ரிப்பேர் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டோம்.

"ஏன்டா, ஊர்ப் பசங்கள வுட்டு எம் மூஞ்சில குத்த வெக்கிறியாமே?"

"வாங்க மாமா. டீ சொல்லவா?"

"டீ கெடக்கட்டும். காட்றா அத."

காட்டினான். மீசை, வழுக்கை, விபூதி எல்லாம் அச்சு அசல்.

"வேட்டி எங்கடா?"

"பாக்ஸிங்ல வேட்டி கெடையாது மாமா."

"சரி, எவன் எவன்லாம் என்ன அடிச்சிருக்கான்?"

"ஒருத்தனாலயும் முடியல. நீங்கதான் சாம்பியன்."

மாமாவின் மீசை கொஞ்சம் இளகியது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீ ஆடு, பாப்போம்."

நான் பாக்ஸரின் தொடையைக் கிள்ளினேன். "டேய், தோத்துப் போடா. பொண்ணு வேணுமா வேணாமா?"

"சும்மா இரு மச்சான்."

அவன் கெட்ட நேரம், அன்றைக்கென்று சாமி வந்தவன் மாதிரி ஆடினான். மூன்றாவது ரவுண்டில் மாமா சாய்ந்தார். ரெஃப்ரீ எண்ண ஆரம்பித்தான். மாமா நாற்காலியை விட்டு எழுந்து, "எழுந்திர்ரா! மில்லு நடத்தற ஆம்பள படுக்கலாமா? டேய், எழுந்திர்ரா!" என்று தன்னையே திட்டினார். திரையில் இருந்தவர் எழுந்திருக்கவில்லை.

மாமா பாக்ஸர் பக்கம் திரும்பினார்.

"பொண்ணு கேக்கறவன் மாமன்கிட்ட வுட்டுக்குடுத்து ஆடக்கூடாதா?"

"வுட்டுக்குடுத்தா அது ஒங்களுக்கு மரியாத இல்ல மாமா."

மாமா அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு துண்டை இடுப்பில் கட்டினார். "அந்த ரிமோட்ட எங்கிட்ட குடு. என்ன வெச்சி நானே ஆடறேன்."

சாயங்காலம் வரை பாக்ஸரிடம் தோற்றார். அடுத்த ஞாயிறும் வந்து தோற்றார். மில்லைக் கணக்குப்பிள்ளையிடம் விட்டுவிட்டு வாரா வாரம் வந்தார். கடைசியில் ஒருநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "என்னால இந்த பஸ்ஸுல லோல்பட முடியலடா. கவிதாவ கட்டிக்கிட்டு, இந்தப் பொட்டியோட எங்கூட்டுக்கே வந்துடு."

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. பாக்ஸர் இப்போது மில்லுக்குப் பக்கத்திலேயே கடை போட்டிருக்கிறான். மாமா இன்னும் ஜெயித்தபாடில்லையாம். மஞ்சக்குப்பத்தில் அவன் கடை இருந்த இடத்தில் ஜூஸ் விற்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்களுக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. அன்றைக்கு என் பேச்சைக் கேட்டுத் தோற்றிருந்தால் மாமா சாம்பியனாகவே ஊர் திரும்பியிருப்பார், இவனும் எங்களோடேயே கிடந்திருப்பான். படுபாவி, ஜெயித்துத் தொலைத்துவிட்டான்.