கயிற்றுக்கு அந்தப்பக்கம் இருந்த நாற்காலி

பல்லடம்
14.9.1997

பவானியில் இருக்கும் மரியாதைக்குரிய மச்சான் கோபாலசாமி அவர்களுக்கு, தங்கள் தங்கை வீட்டுக்காரன் வெள்ளியங்கிரி கைகூப்பி எழுதுவது. இங்கு பண்ணையில் கோழிகள் எல்லாம் சௌக்கியம். என்னைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. அங்கு தாங்களும் அக்காவும் நலமாயிருக்க சங்கமேஸ்வரர் துணையிருக்கட்டும்.

உங்கள் தங்கை பாவாத்தாள் சீமையிலிருந்து வந்து இறங்கியதும் நேராக உங்கள் வீட்டுக்கு வந்து, காரணம் எதுவும் சொல்லாமல் உட்கார்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவள் சொல்லமாட்டாள். அதனால் நான் சொல்ல வேண்டியதாயிற்று. படிக்கும்போது பக்கத்தில் யாரும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்க.

இங்கிலாந்தில் டாக்டராக இருக்கும் எங்கள் மகன் கௌதமன் டிக்கெட் அனுப்பினது உங்களுக்குத் தெரியும். பிளேன் ஏறும் முன்பே நான் அவளுக்குப் பாடம் நடத்த ஆரம்பித்தேன். சத்தமாகப் பேசாதே, எதையும் தொடாதே, வெள்ளைக்காரர் ஏதாவது கேட்டால் வாயைத் திறக்காமல் சிரித்துவிட்டு நில், என் மானத்தை வாங்கிப்போடாதே என்று. அவளும் சரீங்க சரீங்க என்றாள். கௌதமனுக்கு ஆஸ்பத்திரியில் லீவு கிடைக்காததால் எங்களை ஒரு டூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டான். பழைய அரண்மனை ஒன்றைக் காட்டிவிட்டு, மலைப்பக்கத்துக் கிராமங்களைச் சுற்றிக்கொண்டு வருகிற பஸ்ஸுங்க அது. எல்லாரும் வயசான வெள்ளைக்காரங்க. நான் கோட்டுப் போட்டு முன் சீட்டுல உக்காந்து, தெரிஞ்ச இங்கிலீஷையெல்லாம் கைடு அம்மாகிட்ட எறக்கிட்டு வந்தேன். அந்தம்மா எல்லாத்துக்கும் 'லவ்லி'ன்னாங்க. உங்க தங்கச்சி பின்னாடி, சேலைக்கு மேல கௌதமனோட ஸ்வெட்டரை மாட்டிக்கிட்டு, சொன்னபடி சிரிச்சுட்டே இருந்தா. அந்தச் சிரிப்புக்கே பக்கத்து சீட்டுக் கெழவியம்மா மயங்கிப்போய், தகர டப்பாவைத் தொறந்து பிஸ்கட் மேல பிஸ்கட்டாக் குடுத்தாங்க. எங்கிட்ட ஒருத்தரும் நீட்டலீங்க.

அரண்மனைன்னா சாதாரண அரண்மனை இல்லீங்க மச்சான். ஒவ்வொரு ரூமும் நம்ம கோழிக் கொட்டாய் நீளம். ஒவ்வொரு ராஜா படத்துக்கு முன்னாலயும் கைடு அம்மா நின்னு நின்னு பேசறாங்க. எனக்குச் சக்கரை வியாதி, பஸ் ஏறறப்பக் குடிச்ச காப்பி, அந்த ஊர்க் குளிரு, எல்லாம் சேர்ந்தா என்னாகும்னு நீங்களே யோசிச்சுக்குங்க. அத்தனை நேரம் ராஜாக்களைப் பத்திப் பேசின வாயால பாத்ரூம் எங்கேன்னு கேக்கக் கூச்சமாப் போச்சு. மெதுவா நழுவித் தேடிப் போனா, ஒரு சின்ன ரூம்ல செவப்பு வெல்வெட்டு வெச்ச மர நாற்காலி. நடுவுல ஓட்டை. ஓட்டைக்குக் கீழ பீங்கான் பாத்திரம். இன்ன ராஜா உபயோகிச்ச கக்கூஸுன்னு போர்டு வெச்சிருக்காங்க. நானும் படிச்சனுங்க. அவசரத்துல கக்கூஸுங்கறதை மட்டும்தான் படிச்சேன். முன்னால கட்டியிருந்த கயிறு வரிசையில நிக்கறதுக்குன்னு நெனச்சு, வரிசையில ஆளில்லாததால தாண்டிப் போனேன். உக்காந்துபோட்டேனுங்க. உக்காந்ததும் எங்கேயோ மணி அடிக்குது. மணி அடிச்சா பாதியில நிறுத்தற காரியமா அது?

நான் எந்திரிச்சுத் துணிமணியைச் சரி பண்ணிட்டுக் கதவுகிட்ட வரவும், மணிச் சத்தத்துல எனக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு பாவாத்தாள் பதறிக்கிட்டு ஓடி வரவும் சரியா இருந்துச்சு. "ஏனுங்க, என்னாச்சுங்க?"ன்னு கேட்டவ, நாற்காலிகிட்ட விழுந்து கெடந்த என்ற மூக்குக் கண்ணாடியைப் பாத்துட்டு, அதை எடுக்கக் கயித்தைத் தாண்டி உள்ள போனா. அந்நேரம் பாத்துக் காவல்காரர் வந்துபோட்டாரு. பின்னாலயே கைடு அம்மா, அதுக்குப் பின்னால மொத்த பஸ்ஸும். காவல்காரர் பாத்திரத்தைப் பாத்தாரு, உங்க தங்கச்சியைப் பாத்தாரு, என்னைப் பாத்து என்னமோ கேட்டாரு. நாந்தானுங்கன்னு சொல்லியிருக்கோணும். அந்த அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் வரும். நான் சொன்னது என்னன்னா, "மை வைஃப். வில்லேஜ் லேடி. நோ இங்கிலீஷ். வெரி சாரி." பாவாத்தாளுக்கு இங்கிலீஷ் புரியாது. என்ற விரல் எந்தப் பக்கம் நீளுதுன்னு புரியுமில்லீங்களா? காவல்காரர் அவகிட்டத் திரும்பிக் கேட்டப்ப, நான் சொல்லிக் குடுத்தபடியே, வாயைத் தொறக்காம சிரிச்சா மச்சான். அத்தனை பேர் முன்னால சிரிச்சுட்டு நின்னா.

அதுக்கப்புறம் பஸ் மலைப்பக்கம் போச்சு. பச்சைப் புல்லு, கல்லடுக்கின வேலி, செம்மறியாடு, நடுவுல பெரிய ஏரி. கௌதமன் 'இதைத்தாம்பா பாக்கோணும்'னு சொல்லி அனுப்பின எடம். நான் என்ற பூட்ஸைத்தான் பாத்தேன். கெழவியம்மா டப்பாவை மூடி மடியில வெச்சுக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிட்டாங்க. பாவாத்தாள் ஸ்வெட்டர் கையை இழுத்து விரலை மூடிக்கிட்டு உக்காந்திருந்தா. எந்திரிச்சு உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஏரிக்கரையில எறங்கினதும் சொல்லலாம்னு நெனச்சேன். ஏரி வந்துச்சு. டீக்கடை வரட்டும்னு நெனச்சேன். டீக்கடையும் வந்துச்சு.

டூர்க்காரங்க போன் பண்ணிச் சொல்லி, நாங்க ஊட்டுக்கு வர்றதுக்குள்ள கௌதமனுக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சு. "ஏம்மா, அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல? இந்த ஊர்ல நான் தல நிமிந்து நடக்க வேண்டாமா?"ன்னு பெத்தவளைப் பாத்துக் கத்தறான். நான் பக்கத்துல சோத்துல கைய வெச்சுட்டு உக்காந்திருக்கேன். அவ ஒரு தடவை என்னைப் பாத்தா. "தெரியாமப் போச்சு கண்ணு"ன்னா. என்ற காதுல விழ அவ கடைசியாப் பேசினது அதுதானுங்க. கோயமுத்தூர்ல பிளேன் எறங்கி டாக்சியில வர்றப்ப, சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுகிட்டக் கையக் காட்டி நிறுத்தினா. பையை எடுத்துக்கிட்டு ஈரோட்டு பஸ்ல ஏறிப்போட்டா. நான் ரெண்டு பேர் பொட்டியையும் வெச்சுக்கிட்டு நின்னேன்.

நேத்து டெலிபோன் பூத்துக்குப் போய்க் கௌதமன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிப்போட்டேன். "நான் அம்மாவைப் போய்த் திட்டிப்போட்டேனேப்பா"ன்னான். டூர்க்காரங்களுக்கும், பிஸ்கட் குடுத்த அம்மாவுக்கும் உண்மையை எழுதிப் போடச் சொல்லியிருக்கேன்.

ஆகையால் மச்சான், பாவாத்தாளை நான் வற்புறுத்த மாட்டேன். எத்தனை நாள் வேண்டுமானாலும் அங்கே இருக்கட்டும். அவளாக மனசு வந்து வருகிற வரை பல்லடத்தை விட்டு நகராமல், பொறுமையாகக் காத்திருப்பது என்று திடமாக முடிவு செய்துவிட்டேன். உங்கள் முகத்தில் விழிக்கும் யோக்கியதையும் எனக்கில்லை. அக்காவுக்கு என் கும்பிடு, குழந்தைகளுக்கு என் ஆசி.

தலை குனிந்து,
வெள்ளியங்கிரி

பின்குறிப்பு: தபால்ல போட்டா வந்து சேர நாளாகும்னு நானே எடுத்துட்டு வந்துட்டேனுங்க. இதை உங்க கையில குடுத்தவரு உங்க ஊட்டுக்கு எதுத்தாப்புல இருக்கற பேக்கரிக்காரரு. நான் அவரு கடையிலதான் உக்காந்திருக்கேன். சித்த முன்னால பாவாத்தாள் வாசலுக்கு வந்து துணி காயப் போட்டா. நான் எந்திரிச்சு நின்னேன். உள்ள போயிட்டா. பாத்துட்டுப் போனாளா, பாக்காமப் போனாளான்னு தெரியல. தெருவே கேக்கற மாதிரி வைதாலும் சரிங்க மச்சான், ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க. கடைக்காரரு மத்தியானத்துக்குக் கடையைச் சாத்தோணும்கறாரு.