பெற்றோரில் இருவர்

ராஜினாமாக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு லிஃப்ட் மெக்கானிக் கிளம்பியபோது, மனைவி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"புதுக் கம்பெனியில எவ்வளவு கூடத் தர்றாங்க?"

"இப்ப வாங்குறதுல கால்வாசி கூட."

"எங்கம்மா முட்டி ஆபரேஷனுக்கு அதை எத்தனை வருஷம் சேர்க்கணும்? இப்ப இருக்கிற கம்பெனியில ஆஸ்பத்திரிச் செலவுக்கு இன்சூரன்ஸ் இருக்காமே. பெத்தவங்களுக்கும் உண்டாமே. உங்ககூட வேலை பாக்குறவரு சம்சாரம் சொன்னாங்க. நீங்க ஏன் சொல்லலை?"

தெரிந்தால்தானே மெக்கானிக் சொல்வான். எட்டு வருடங்களாக, வருடத்துக்கு ஒருமுறை அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுப்பார்கள். 'சம்பளத்தை ஏத்துங்கன்னா காகிதத்தை நீட்டுறாங்க' என்று முணுமுணுத்தபடி அதில் கிரீஸ் கையைத் துடைத்துக்கொள்வது அவன் வழக்கம். இந்த வருடத்துக் காகிதம் கருவிப் பையில், ஸ்பானர்களுக்கு அடியில் கிடந்தது. கறைகளைத் தாண்டிப் படித்தான். பல், கண், மூட்டு, பிரசவம் எல்லாமே இருந்தன. இத்தனை வருடமும் சம்பளத்தில் ஒரு பங்கைக் கை நீட்டி வாங்காமலே விட்டிருக்கிறோமே என்று நிஜமாகவே வருத்தப்பட்டான்.

ராஜினாமாவைக் கிழித்தான். வேலை வேண்டாம், மன்னிக்கவும் என்று புதுக் கம்பெனிக்கு அன்றே எழுதிவிட்டான். மனைவி, பிள்ளைகள் போக, இரண்டு பக்கத்துப் பெற்றோரில் யாராவது இருவரைச் சேர்க்கலாம் என்பது விதி. மாமனார், மாமியார் பெயர்களை எழுதி மனிதவளப் பிரிவு மேடத்திடம் கொடுத்துவிட்டு வந்தான்.

மாலையில் அம்மா போன் செய்தாள்.

"சம்பந்திக்கெல்லாம் நல்லது பண்றியாம். சந்தோஷம்டா. என் கண்ணுல புரை வளருது, வளர்ந்துட்டுப் போகட்டும். நான் பாத்து என்ன ஆகப் போகுது?"

மறுநாள் வேறு படிவம் வாங்கி அம்மா, அப்பா என்று மாற்றினான். அன்றிரவு வீட்டில் சாப்பாடு இருந்தது, பேச்சு இல்லை. "உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்று மகள் மூலமாகத் தகவல் வந்தது.

மூன்றாம் நாள் இரண்டு அம்மாக்களையும் எழுதினான். பெரிய நியாயம் வழங்கிவிட்ட நிம்மதி. அது மத்தியானம் வரைக்கும் தாங்கியது.

"எனக்கு ஒண்ணுமில்ல மாப்ள. மாடி ஏறினா மட்டும் நெஞ்சு லேசா அடைக்குது" என்றார் மாமனார். அப்பா போனுக்கே வரவில்லை. அவருக்குக் கை நடுங்குவதால் போனைப் பிடிக்க முடியவில்லை என்று அம்மா சொன்னாள்.

படிவத்தில் 'பிள்ளைகள்' என்ற கட்டத்தில் மகள் பெயருக்குக் கீழே இரண்டு வரிகள் காலியாக இருந்தன. மெக்கானிக் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவற்றில் இரண்டு அப்பாக்களையும் எழுதினான்.

மேடம் கூப்பிட்டு அனுப்பினார்.

"சார், உங்களுக்கு நாப்பது வயசு. உங்க மூத்த பையனுக்கு எழுபத்தொண்ணு."

"தத்துப் பிள்ளைன்னு போட்டுக்கலாமா மேடம்?"

"இதை நான் மேல அனுப்பினா உங்க வேலையே போயிடும். இந்தாங்க, வேற படிவம். இன்னைக்குத்தான் கடைசி நாள். அஞ்சு மணிக்குள்ள வேணும். ரெண்டே பேரு."

வேறு வழி தெரியாமல் நான்கு பேரையும் அலுவலகத்துக்கே வரவழைத்தான். வரவேற்பறை சோபாவில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

"நீங்களே பேசி ரெண்டு பேரைச் சொல்லுங்க" என்றான். சண்டை நீளும் என்று தண்ணீர் பாட்டில்கூட வாங்கி வைத்திருந்தான். ஆனால் நேருக்கு நேர் பார்த்ததும் நான்கு பேருக்கும் பெருந்தன்மை பொங்கிவிட்டது.

"சம்பந்தியம்மா முட்டிதான்டா முக்கியம். அவங்களைப் போடு" என்றாள் அம்மா.

"முட்டிக்கென்ன, தைலம் தேச்சாப் போச்சு. முதல்ல உங்க கண்ணைப் பாருங்க" என்றாள் மாமியார்.

"என்னை விட்டுடுங்க மாப்ள. சம்பந்திக்குக் கை நடுங்குதாமே" என்றார் மாமனார்.

"எனக்கா? யாரு சொன்னா?" என்று அப்பா இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். ஒரு விரல்கூட ஆடவில்லை.

ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. மாமியாரின் முட்டி வீங்கியிருந்தது. அம்மா சுவரைத் தடவிக்கொண்டுதான் உள்ளே வந்திருந்தாள். யாரை விட்டாலும் பாவம்தான். இரண்டு அம்மாக்களின் பெயர்களையே எழுதி, அப்பாக்கள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே கொண்டுபோய் நீட்டினான்.

மேடம் மேஜை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தார்.

"இந்த ரெண்டு பேருக்காகத்தான் மேடம், அந்த இன்னொரு லிஃப்ட் கம்பெனியில கூடச் சம்பளத்துக்குக் கூப்பிட்டும் போகலை. சம்பளம் மட்டுமா வேலை, நீங்களே சொல்லுங்க" என்றான் பெருமையாக.

மேடம் படிவத்தில் முத்திரையைக் குத்திவிட்டு நிமிர்ந்தார்.

"அதுதான் சார் எனக்கும் புரியலை. அங்க பெத்தவங்க நாலு பேருக்குமே இன்சூரன்ஸ் தர்றாங்கன்னுதானே நானே நாளைக்கு அங்க போய்ச் சேர்றேன்!"