ராகு காலத்துக்கு முன்னால் ஒரு வேணாம்

எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம் தேவையில்லை. காரணம் இருந்தால் கொஞ்சம் சௌகரியம், அவ்வளவுதான். மறைமலைநகர் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன் வைத்திருப்பவன் நான். காலை ஷிப்டு நேரத்தில் ஜி.எஸ்.டி. சாலையில் வேன் ஓட்டுகிறவனுக்குக் கோபம் வராவிட்டால் அவனை டாக்டரிடம்தான் கூட்டிப்போக வேண்டும். (கோபம் வருகிறவனைத்தான் கூட்டிப்போக வேண்டும் என்பது என் அம்மாவின் கட்சி.)

அப்படிப்பட்ட நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முழுக்கக் கோபத்தை விழுங்கிக்கொண்டே மாமல்லபுரத்தில் நடந்தேன். விழுங்கியதெல்லாம் வெளியே வந்து விழுந்த இடமும் நேரமும்தான் சரியில்லை.

விஷயம் என் தங்கை கலைவாணியின் கல்யாணம். அவள் ஓ.எம்.ஆரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். கூட வேலை பார்க்கும் பிரபுவைத்தான் கட்டுவேன் என்று சொல்லிவிட்டாள். பையன் தங்கமான பையன். அவன் அப்பா ஆறுமுகம், திருநெல்வேலிக்காரர், கல்பாக்கத்தில் ஆபீஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இந்தச் சம்பந்தத்தில் பாதி மனசுதான். பெண் பார்க்க வீட்டுக்கு வந்து பஜ்ஜி தின்றுவிட்டால் பின்வாங்குவது கஷ்டம் என்று நினைத்தாரோ என்னவோ, பொது இடத்தில் சந்திக்கலாம் என்று சொல்லி அனுப்பினார். திருப்போரூர்ப் பக்கம் இருக்கும் எங்களுக்கும் கல்பாக்கத்துக்காரர்களுக்கும் நடுவில் இருக்கும் பொது இடம் மாமல்லபுரம். பிடித்தால் சம்பந்தம், பிடிக்காவிட்டால் சுற்றுலா. (எங்கள் வீட்டுப் பெண் என்ன டிக்கெட் எடுத்துப் பார்க்கிற சிற்பமா? இதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்தில் வேனின் சைடு கண்ணாடியைத் துடைக்கிறேன் பேர்வழி என்று உடைத்துவிட்டேன்.)

திட்டம் இதுதான். மூன்று மணிக்கு ஐந்து ரதத்தில் சந்திப்பது. பேசிக்கொண்டே ஊருக்குள் நடந்து, தலசயனப் பெருமாள் கோவிலுக்குப் போவது. நாலரைக்கு ராகு காலம் பிறப்பதற்குள் சந்நிதியில் வைத்து அவர்கள் பெண் கேட்பது. எங்கள் அப்பா இல்லை. ஆகவே அண்ணன்காரனைத்தான் கேட்பார்கள், அண்ணன்காரன் வாயைத் திறந்து ‘சம்மதம்’ என்று சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் அபசகுனமாக ஒரு வார்த்தை விழுந்துவிட்டால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். யாராவது தும்மினால்கூடத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கிற ஜாதி இரண்டு வீடும்.

புறப்படும்போது அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். “டேய், நாளைக்கி நீ யார வேணா திட்டு. இன்னிக்கு ஒரு நாளு வாயத் தொறக்காத. அவ வாழ்க்க இதுல கீது.”

சரி என்றேன். அப்போதே எனக்குக் கோபமாகத்தான் இருந்தது.

ஐந்து ரத வாசலில் அவர்கள் காத்திருந்தார்கள். பிரபு, அவன் அம்மா லோகநாயகி, ஆறுமுகம். மனிதர் கும்பிடு போட்டதும் முதலில் சொன்ன வார்த்தை ‘ரோம்’. ஓய்வு பெற்ற கையோடு புருஷனும் பெண்டாட்டியுமாக வெளிநாட்டுச் சுற்றுலா போய் வந்திருக்கிறார்கள். கைடு வைத்துக்கொள்ளாமல், போனில் வரும் குரலைக் காதில் கேட்டுக்கொண்டே ரோமாபுரியின் இடிபாடுகளை நடந்தே பார்த்தார்களாம். அதே மாதிரி மாமல்லபுரத்துக்கும் ஒரு ஆப் இருக்கிறது, எல்லோரும் போனில் ஏற்றுங்கள் என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

“குரல் எங்க நில்லுன்னு சொல்லுதோ அங்க நிக்கணும், எங்க திரும்புன்னு சொல்லுதோ அங்க திரும்பணும். ரோம்ல நாங்க அப்படித்தான் நடந்தோம்லா. கைடுக்குப் பின்னால ஓட வேண்டாம் பாத்துக்கிடுங்க.”

ஏற்றினோம். ஆனால் ஒருவரும் கேட்கவில்லை, ஏனென்றால் ஆறுமுகம் பேச்சை நிறுத்தவில்லை. ஒரே கல்லில் செதுக்கிய யானையைக் காட்டினால், ரோமில் இதைவிடப் பெரிய தூண் பார்த்தோம் என்கிறார். பீமன் ரதத்தைக் காட்டினால், ரோமில் ஒரு வட்டமான கட்டடம், பாதி இடிந்து கிடக்கிறது, ஆனால் என்ன சுத்தம் என்கிறார். இடிந்து கிடப்பதில் என்னய்யா சுத்தம்? எங்கள் ஊர்ப் பல்லவன் கட்டியது இன்றைக்கும் நிமிர்ந்து நிற்கிறதே, அது உன் கண்ணில் படவில்லையா? (இது நான் மனசுக்குள் கேட்டது. வாய்க்குள்ளிருந்து பல் நறநறக்கும் சத்தம் மட்டும் வந்தது.)

கலைவாணிக்கு அந்தச் சத்தம் பிறந்த நாளிலிருந்து பழக்கம். மெதுவாகப் பக்கத்தில் வந்து, தன் கைப்பையிலிருந்து ஒயர் வைத்த இயர்போனை எடுத்து என் போனில் செருகினாள்.

“அண்ணா, இத்த காதுல மாட்டிகினு வா. சவுண்டு நல்லா வெச்சிக்கோ. அவரு இன்னா சொன்னாலும் உனக்குக் கேக்கக் கூடாது.”

அதைவிட நல்ல யோசனை இருக்க முடியாது என்று எனக்கும் பட்டது. ஆறுமுகத்துக்கோ பரம சந்தோஷம். ரோம் முறையை மதித்து நடக்கிற ஒரே ஆள் பெண்ணின் அண்ணன்தான் என்று பிரபுவிடம் சொன்னாராம்.

அந்த ஆப்பில் பேசியவனை நான் நேரில் பார்த்ததில்லை. பார்த்தால் அவனுக்கு நல்லதில்லை. குரலில் ஒரு கிண்ணம் ஜீராவை ஊற்றி வைத்திருந்தான். “அன்புப் பயணியே, கண்களை மூடிக்கொள்ளுங்கள். உளியோசை கேட்கிறதா?” என்றான். கண்ணை மூடினேன். பின்னால் வந்த ஆட்டோக்காரன் என்னைக் கேட்டது உளியோசையைப் பற்றி இல்லை.

அடுத்த வம்பு, ஆப் போகச் சொன்ன வழி. ஐந்து ரதத்திலிருந்து குன்றின் மேல் ஏறி, குகைகளைப் பார்த்து, அந்தப் பக்கம் இறங்கச் சொன்னது. லோகநாயகி அம்மாவுக்கு முழங்கால் வலி. ஆகவே எல்லோரும் கீழே கற்சிலைக் கடைகள் இருக்கும் தார்ச் சாலை வழியாக நடந்தோம். அவ்வளவுதான், ஜீரா குரல்காரனுக்குப் பொறுக்கவில்லை. “நீங்கள் பாதையை விட்டு விலகிச் செல்கிறீர்கள். தயவுசெய்து திரும்பி வாருங்கள். முதலிலிருந்து தொடங்கட்டுமா? ஆம் அல்லது வேண்டாம் என்று சொல்லுங்கள்.”

வேண்டாம் என்று வாய்க்குள் சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். இளநீர்க் கடையைத் தாண்டியதும் மறுபடியும் விலகிச் செல்கிறீர்கள் என்றான். மறுபடியும் வேண்டாம் என்றேன். புரியவில்லை, சற்று உரக்கச் சொல்லுங்கள் என்றான். உரக்கச் சொன்னேன். வலப்பக்கம் தெரியும் மகிஷாசுரமர்த்தினியைக் கண்குளிரக் காணுங்கள் என்றான். வலப்பக்கம் ஒரு மொபைல் ரீசார்ஜ் கடை இருந்தது. ஒரு மனிதன் என்னதான் செய்வான்? கழற்றி எறிந்திருக்கலாம். ஆனால் கழற்றினால் ரோம். காதுக்குள் ஒருத்தன், காதுக்கு வெளியே ஒருத்தர் என்று இரண்டு பேருக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, வேர்வையில் குளித்து, புதுச் சட்டையெல்லாம் உப்புப் பூத்து நடந்தேன்.

கடையிலிருந்த கல் பிள்ளையார்களையெல்லாம் ஆறுமுகம் நின்று நின்று விசாரித்ததில் நேரம் போய்விட்டது. அர்ச்சுனன் தவம் செய்யும் பாறைக்கு எதிரே வந்தபோது ராகு காலம் நெருங்கிவிட்டது. பெருமாள் கோவில் கூப்பிடு தூரம்தான், ஆனால் வாசலில் பஸ்ஸிலிருந்து இறங்கிய பெரிய கூட்டம் நெரிந்துகொண்டிருந்தது. லோகநாயகி அம்மா பதறிப்போய், கோவில் கண்ணுக்குத் தெரிந்தால் போதும், இங்கேயே கேட்டுவிடுங்கள் என்று புருஷனை அவசரப்படுத்தினாராம். தன் பையிலிருந்து வெற்றிலை பாக்கும் பூவும் வைத்த தட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாராம். என் அம்மா கண்ணால் எனக்குச் சாடை காட்டினாளாம். இதெல்லாம் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் அப்போது பாறையைப் பார்த்து நின்று, ஒன்பதாவது தடவையோ பத்தாவது தடவையோ, முதலிலிருந்து தொடங்கட்டுமா என்ற கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆறுமுகம் என் எதிரே வந்து நின்றார். தட்டை இரண்டு கையாலும் நீட்டினார். அத்தனை நேரமும் இருந்த ரோம் போய், ஒரு தகப்பனாகக் கேட்டாராம். “எங்க பையனுக்கு உங்க தங்கச்சியக் கேக்குதோம். உங்களுக்குச் சம்மதம்தானே தம்பி?”

என் காதுக்குள் அவன், “புரியவில்லை. சற்று உரக்கச் சொல்லுங்கள்” என்றான்.

“வேணாம்யா. எத்தினி வாட்டி சொல்றது? வேணாம்னா வேணாம். ஆள வுடு.”

தவம் செய்கிற அர்ச்சுனனைப் படம் பிடித்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நான் நிமிர்ந்தபோது எதிரே ஒரு தட்டு, தட்டுக்குப் பின்னால் ஒரு முகம். அந்த முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. என்ன நடந்தது என்று எனக்கு விளங்குவதற்குள் அவர் தட்டை மனைவி கையில் திணித்துவிட்டு, கார் நிறுத்தியிருந்த பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டார். அம்மா அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். பிரபு அப்பா அப்பா என்று பின்னால் ஓடினான்.

கலைவாணி அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. சும்மா என்னைப் பார்த்தாள். ஆயுசில் முதல் தடவையாக என் உடம்பில் பொட்டுக் கோபம் இல்லை. பயம் மட்டும் இருந்தது. அப்பா போன பிறகு அவளை நான்தான் பஸ் ஏற்றிப் பள்ளிக்கூடம் அனுப்பியவன். அவளுக்கு அமைந்த ஒரே நல்லதை நடு ரோட்டில் வைத்து நானே உடைத்துவிட்டேன்.

அவள் பார்த்த பார்வை என் காதிலிருந்த ஒயரில் வந்து நின்றது. எட்டி அதைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தாள். இயர்போன் போனிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. முழுச் சத்தத்தில் வைத்திருந்த போன், கோவில் ஸ்பீக்கர் மாதிரி அந்தத் தெரு முழுக்கக் கேட்கும்படி பேசியது.

“நீங்கள் பாதையை விட்டு விலகிச் செல்கிறீர்கள். தயவுசெய்து திரும்பி வாருங்கள்.”

ஆறுமுகம் நின்றார். குரல் எங்கே நில் என்று சொல்கிறதோ அங்கே நிற்க வேண்டும் என்று ரோமில் பழகிய கால் அது, தானாகவே நின்றது. லோகநாயகி அம்மா தட்டோடு சேர்த்துக் கை கூப்பிவிட்டார்.

“ஏங்க, நில்லுங்க. பெருமாள் வாசல்ல விழுந்த வாக்கு இது. தாண்டிப் போகாதீங்க.”

இது ஆப் என்று ஆறுமுகத்துக்குத் தெரியாதா? எங்களை ஏற்றச் சொன்னவரே அவர்தானே. ஆனால் மனைவியின் முகத்தைப் பார்த்த பிறகு அதை எடுத்துச் சொல்லும் தைரியம் அவருக்கு வரவில்லை. அதற்குள் போன் அடுத்ததைக் கேட்டது. “முதலிலிருந்து தொடங்கட்டுமா? ஆம் அல்லது வேண்டாம் என்று சொல்லுங்கள்.”

நான் வாயைத் திறந்தேன். அம்மா கீழே உட்கார்ந்தபடியே என் காலைக் கிள்ளினாள். லோகநாயகி அம்மா போனுக்கு முன்னால் குனிந்து, பூசாரிக்குப் பதில் சொல்வது போல, “ஆம்” என்றார்.

அவர் சொன்னதை மட்டும் முதல் தடவையிலேயே புரிந்துகொண்டான் அந்தப் பாவி. “அன்புப் பயணியே, வருக” என்று மேளத்தோடு ஆரம்பித்தான். கலைவாணி போனை அணைத்தாள். ஆறுமுகம் திரும்பி வந்தார். தட்டை வாங்கினார். கேட்பதற்கு முன்னால் என்னை அப்படியும் இப்படியும் திரும்பச் சொல்லி இரண்டு காதையும் பார்த்தார்.

“இப்ப உள்ள ஒண்ணும் இல்லைலா?”

இல்லை என்றேன். மறுபடி கேட்டார். சம்மதம் மாமா என்றேன். ராகு காலம் பிறப்பதற்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது.

கல்யாண மேடையில் தங்கையின் கையில் பொரி அள்ளிப் போட என்னைக் கூப்பிட்டபோதும், மாமா எழுந்து வந்து என் இரண்டு காதையும் பார்த்துவிட்டுத்தான் வழி விட்டார். அந்தப் போட்டோ அவர்கள் வீட்டு ஹாலில் பெரிதாக மாட்டியிருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கும். என் குரல் கொஞ்சம் உயர்ந்தால் போதும், “பாதையை விட்டு விலகிச் செல்கிறீர்கள்” என்று அந்த வீட்டில் யாராவது ஒருவர் ஜீராக் குரலில் ஆரம்பித்துவிடுவார்கள்.

போன தை மாதம் கலைவாணியின் மகளுக்குத் திருப்போரூரில் காது குத்தினோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். குழந்தை என் மடியில். சுற்றிலும் இரண்டு வீட்டு ஜனமும். ஆசாரி ஊசியை எடுத்தபோது ஆறுமுகம் மாமா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“முதல்ல தாய்மாமனுக்குக் குத்துங்க. பிள்ளைக்குக் காது நல்லாத்தான் கேக்குது.”

மண்டபமே சிரித்தது. எனக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். கூட்டத்துக்கு நடுவில் கலைவாணி, சிரிக்காமல், என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிள்ளை என் விரலைக் கெட்டியாகப் பிடித்திருந்தது.

மாமா சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது. காதில் ஒயர் மாட்டியிருப்பவனைப் போல உட்கார்ந்திருந்தேன்.