பவளத்துக்கு உகந்த தண்ணீர்

பொதுமக்கள் அலுவலகத்தில் காத்திருக்கும் நேரம் இனிமையாக அமைய வேண்டும் என்று அந்தப் பஞ்சாயத்துக் கமிட்டி ஒருமனதாகத் தீர்மானித்தது. காத்திருக்கும் நேரத்தையே குறைத்தால் என்ன என்று ஓர் உறுப்பினர் கேட்டார். நிகழ்ச்சிநிரலில் இல்லாத பொருள் என்பதால் அது பதிவாகவில்லை.

கேரளத்துக் குன்னத்துகாலுக்கும் தமிழ்நாட்டு எல்லைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் பஞ்சாயத்து அது. பக்கத்துப் பஞ்சாயத்தில் செல்பி எடுக்க இதய வடிவில் நாற்காலி போட்டுவிட்டார்கள். அதற்கு அடுத்ததில் சுவர் முழுக்கத் தோட்டம். இவர்கள் மட்டும் சும்மா இருக்க முடியுமா? முன்கூடத்தில் நானூறு லிட்டர் கண்ணாடித் தொட்டி வந்திறங்கியது. உள்ளே செயற்கைக் கடல்நீர், நீல விளக்கு, மூன்று உயிர்ப் பவளங்கள்.

தொட்டியைப் பராமரிக்கும் பொறுப்பு, தலைமை எழுத்தர் சிவதாணுவிடம் வந்தது.

"எனக்கு என்னத்துக்கு மேடம்? நான் பிறப்பு இறப்பு செக்‌ஷனாக்கும்."

"அதுகொண்டுதான் சாரே," என்றார் பிரசிடெண்டு ஸ்ரீகலா. "பவளத்துக்கு உயிருண்டு. பிறந்தாலும் செத்தாலும் உங்க செக்‌ஷன்தான். செத்தா, காசர்கோட்டில ஒரு காலியிடம் உண்டும்."

சிவதாணுவுக்கு ஓய்வுபெற ஒரு வருடம் இருந்தது. கேரளத்தின் தென்கோடியிலிருந்து வடகோடிக்கு, சர்க்கரை மாத்திரையும் முழங்கால் வலியுமாகப் போய் ஒரு வருடம் ஓட்டல் சாப்பாடு சாப்பிடுவதை நினைத்தபோதே அவருக்கு நெஞ்செரிந்தது. அன்றிலிருந்து மூன்று பவளங்களையும் பெற்ற பிள்ளைகளைப் போலப் பார்க்கத் தொடங்கினார்.

தொட்டியைக் கொண்டுவந்த கடைக்காரி ரெஜிலா விவரம் சொல்லிக் கொடுத்தாள். கால்சியம் நானூற்றிருபது இருக்கணும். காரத்தன்மை எட்டு. மக்னீசியம் ஆயிரத்து முந்நூறு. தினமும் சோதித்து, குறைந்தால் மருந்து ஊற்றணும்.

"ஒரு காரியம் மறக்கப்பிடாது சாரே. கால்சியம் காலையில, காரம் சாயங்காலம். ரெண்டையும் ஒண்ணாட்டு ஊத்தினா அடிச்சுக்கிட்டு சுண்ணாம்பா இறங்கிரும்."

தினமும் பத்தரைக்கு சிவதாணு சோதனைக்குழாயில் தண்ணீர் பிடித்து, சொட்டுச்சொட்டாக மருந்து விட்டு, நிறம் மாறுவதைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதினார். வரிசையில் நிற்பவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களில் உமையம்மாளும் ஒருத்தி. தோசைமாவுக் கடை லைசென்சுக்காகத் தன் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துச் சான்றிதழ் தரும்படி ஆறு மாதம் முன்பு மனு கொடுத்தவள்.

"சாரே, அந்தப் பூவுக்கு தினமும் சோதனை. எனக்க கிணத்துக்கு ஒரு நாள் வரப்பிடாதா?"

"இது ஆபீஸ் சொத்தாக்கும் உமையம்மா. உனக்க கிணறு தனியார்."

"பின்னே அதில உள்ள வெள்ளத்தக் குடிச்சிட்டு நான் சாவுறதும் தனியாராக்கும், இல்லியா?"

"அது இல்ல. அது எனக்க செக்‌ஷன்ல வரும்," என்றார் சிவதாணு உள்ளபடியே.

இரண்டாம் மாதம் கால்சியம் முந்நூற்று நாற்பதுக்கு இறங்கியது; காரம் ஆறு. மருந்துப் புட்டிகள் வந்தன. அரசுப் பொருள் எதுவும் திறப்புவிழா இல்லாமல் திறக்கப்படுவதில்லை. கால்சியத்தை ஸ்ரீகலா ஊற்றுவதென்றும், காரத்தை எதிர்க்கட்சித் தலைவர் சதாசிவன் ஊற்றுவதென்றும் அழைப்பிதழ் அச்சானது.

"மேடம் காலையில, நான் சாயங்காலமா?" சதாசிவன் கொதித்தார். "சாயங்காலம் எந்தப் பேப்பர்காரன் வருவான்? எங்க கட்சிக்காரனுவ எல்லாம் மனுசனில்லியா?"

"அப்பம் சதாசிவன் சார் காலையில ஊத்தட்டும், நான் சாயங்காலம்," என்றார் ஸ்ரீகலா. அவருடைய கட்சியினர் வெளிநடப்புச் செய்தார்கள். அப்படி ஊற்றினால் எதிர்க்கட்சி ஆட்சிக்கு வந்ததாகப் பொருளாகுமாம்.

சிவதாணு எழுந்தார். "ரெண்டும் ஒண்ணாட்டு விழப்பிடாதுன்னு அந்தப் பொண்ணு சொன்னது…"

"ஓய் சிவதாணு, ஜனநாயகத்தில ரசாயனம் பேசாதயும்," என்றார் சதாசிவன்.

சமரசம் பிறந்தது. இருவரும் ஒரே நேரத்தில், ஒரே உயரத்திலிருந்து, சம அளவு ஊற்றினார்கள். தொட்டி ஒரு நொடியில் பால்போல வெளுத்தது. கூட்டம் கைதட்டியது. பவளங்கள் மூன்றும் சுருங்கிக் கல்போலக் கிடந்தன. மறுநாள் பத்திரிகையில் படத்துக்குக் கீழே, 'கட்சி வேற்றுமை கரைந்த தருணம்' என்று போட்டிருந்தது.

சிவதாணு ரெஜிலாவுக்குப் போன் போட்டார்.

"பாதி வெள்ளத்த மாத்தணும் சாரே, இப்பமே. நல்ல தண்ணியில உப்புப்பொடி கலக்கி விடுங்க. குழாய்த் தண்ணி வேண்டாம், குளோரின் மருந்து உண்டு. இரும்புக்கறை உள்ளதும் ஆவாது."

ஆபீஸின் ஆழ்துளைக் குழல்கிணற்றில் வருவது காவித் தண்ணீர். சிவதாணு சோதனைப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் அலைந்தார். பதினோரு கிணறுகள் தேறவில்லை. கடைசியில் உமையம்மாள் வீட்டுக்குப் போனார். ஏழு மாதமாக நடக்காத சோதனை ஏழு நிமிடத்தில் முடிந்தது. கண்ணீர்போலத் தெளிந்த தண்ணீர்.

"அப்பம் எனக்குச் சான்றிதழ் உண்டா சாரே?"

"உண்டு மக்கா," என்றார் சிவதாணு.

சான்றிதழ் அன்றைக்கே வந்தது. கூடவே அவசர உத்தரவும் வந்தது. மேற்படி கிணறு பவளப் பராமரிப்புக்காக ஒதுக்கப்படுகிறது. மனிதப் பயன்பாட்டுக்கு முன் அனுமதி பெற வேண்டும். உரிமையாளருக்கு ஈடாக வாரம் இருமுறை டேங்கரில் நல்ல தண்ணீர் வழங்கப்படும்.

நான்காம் நாள் பவளங்கள் விரிந்தன. சிவதாணு அவற்றுக்கு முன் நின்று கும்பிட்டார்.

ஆனால் உத்தரவை மக்கள் வேறுவிதமாகப் படித்தார்கள். பவளம் இருக்கும் இடத்துக்கு நல்ல தண்ணீர் தேடிவரும். அடுத்த திங்கட்கிழமை, வீட்டில் பவளம் வளர்க்க இருநூற்றுப் பதினான்கு மனுக்கள். குடிதண்ணீர் வேண்டும் என்று ஒரு மனுகூட இல்லை.

சிவதாணு கணக்குப் போட்டார். பவளம் பெருகினால் அந்த ஒற்றைக் கிணறு பங்காகும். பங்கானால் ஆபீஸ் பவளம் சாகும். பிறகு காசர்கோடு. அவர் யோசித்து, மனுப் போட்டவர்கள் பதில் எழுதித் தர ஒரு கேள்வியைச் சேர்த்தார்: 'தங்கள் வீட்டுத் தண்ணீரின் நிலை என்ன?' மக்கள் உண்மையை எழுதினார்கள். இரும்பு, கலங்கல், நாற்றம். அதையே காரணமாகக் காட்டி ஒரு ரப்பர் ஸ்டாம்பு செய்து எல்லா மனுவிலும் குத்திக் கையெழுத்திட்டார்: 'பரிசீலிக்கப்பட்டது. இத்தண்ணீர் பவளத்துக்கு உகந்ததல்ல. மனிதர்களுக்கு மட்டும்.'

கலவரம் வரும் என்று பயந்து பின்கதவைத் திறந்து வைத்திருந்தார். வந்தது கூட்டம்தான். மனுப் போடாததால் ஸ்டாம்பு கிடைக்காமல், அதைக் கேட்டு வந்தவர்களின் கூட்டம். வேதமணி என்ற ஓட்டல்காரர் அந்தத் தாளை லைசென்சு மனுவோடு இணைத்திருக்கிறார். தண்ணீர் மனிதர்களுக்கு ஏற்றது என்று அரசு முத்திரையே இருக்கும்போது மறுக்க வழியில்லை. லைசென்சு கிடைத்துவிட்டது. மாத முடிவில் பஞ்சாயத்தின் அத்தனை வீட்டுத் தண்ணீரும் சான்று பெற்றிருந்தது. குடிநீர்ப் புகார் இல்லாத பஞ்சாயத்து என்று விருதும் வந்தது.

விருது நாளில் சிவதாணு வீட்டுக்கு வந்தபோது மனைவி சுகுமாரி செம்பில் தண்ணீர் நீட்டினாள். செங்கல் நிறம்.

"கொதிக்க வைக்கேலியா?"

"இனி என்னத்துக்கு?" சுகுமாரி சுவரைக் காட்டினாள். அவளும் மனுப் போட்டிருந்தாள் போல. ஸ்டாம்பு குத்திய தாள் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. "உங்க கையெழுத்தாக்கும். குடியுங்க."

சிவதாணு கையெழுத்தை ஒருமுறை சரிபார்த்தார். அவருடையதுதான். குடித்தார்.