காரணம் உள்ள கணையம்

கணையம் என்பது இரைப்பைக்குப் பின்னால் அடக்கமாக உட்கார்ந்திருக்கும் உறுப்பு. தகராறு செய்யும்வரை அது இருப்பதே யாருக்கும் தெரியாது. இடுக்கி மலைமேல் தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்த பங்கஜாக்ஷனும் அப்படித்தான். கணையம் வீங்கிய பிறகுதான் இரண்டு பேரையும் ஊர் கவனித்தது.

கவனித்த கையோடு தீர்ப்பும் சொல்லிவிட்டது: குடி. பாவம், மனுஷன் பாயசத்துக்கு மேல் எதையும் தொட்டதில்லை. இப்போது அதுவும் போயிற்று. எண்ணெய் கூடாது, தேங்காய் கூடாது, சாப்பாட்டோடு செரிமான மாத்திரை. தேங்காய் அரைக்காத அவியலைக் கிளறும்போதெல்லாம் மனைவி சாரதாமணி, இதைத் தான் சமைத்ததாக வெளியே சொல்லிவிட வேண்டாம் என்று கெஞ்சுவாள்.

வலி வந்தால் மெடிக்கல் காலேஜுக்கு நாலு மணி நேர பஸ். போன தடவை முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு சுருண்டு கிடந்தவரின் மூக்கில் கண்டக்டர் இரண்டு முறை மூச்சு வருகிறதா என்று விரல் வைத்துப் பார்த்தார். இன்னொரு தடவை இப்படி வந்தால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே பங்கஜாக்ஷன் அந்த ஆஸ்பத்திரி இருக்கும் கோட்டயத்துக்கு மாற்றல் கேட்டு, தக்க பணிவுடன் மனுச் செய்தார்.

சூப்பிரண்டு பவுலோஸ் மனுவை இரண்டு முறை படித்தார்.

"நோய்க்குக் காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. தெரியவில்லைன்னு எழுதியிருக்கே?"

"டாக்டருக்கே தெரியலை சாரே. சிலருக்குக் காரணமில்லாம வருமாம்."

"காரணமில்லாம வந்து கடையை அடைக்கிறதுக்கு அது என்ன ஹர்த்தாலா?"

பவுலோஸ் நல்ல மனுஷர். விதிப் புத்தகத்தைப் புரட்டி வழி கண்டுபிடித்தார். அனுமதிக்கப்பட்ட காரணங்கள் இரண்டு: பித்தப்பைக் கல், மது. கல் இல்லை என்று ஸ்கேன் சொல்கிறது. மீதி மது. குடிமீட்புத் திட்டத்தில் உடனடி மாற்றலும் உண்டு. கள்ளுக்கடைக்காரர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் போதும்.

கள்ளுக்கடைக்காரர் இட்டூப்பு பங்கஜாக்ஷனை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க ஆபீஸ்ல நான் பார்க்காத ஒரே முகம் உங்களுதுதான் சாரே," என்று சொல்லிக்கொண்டே, பன்னிரண்டு வருஷமாகத் தினமும் பார்ப்பதாகக் கையெழுத்துப் போட்டார்.

சாரதாமணி அழுதாள். குடிக்காத புருஷன் என்ற ஒரே பெருமையில்தான் நாத்தனார்கள் நடுவே அவள் தலைநிமிர்ந்து நடமாடிக்கொண்டிருந்தாள். அழுது முடித்துவிட்டு அவளே பேனாவைத் திறந்து கொடுத்தாள். "உயிரோட இருந்தாத்தானே உங்களைக் குடிகாரன்னு திட்ட முடியும். போடுங்க."

நான்காம் நாள் உத்தரவு வந்தது.

கோட்டயத்தில் புதன்கிழமைதோறும் குடிமீட்புக் கூட்டம். வராவிட்டால் மாற்றல் ரத்து. நாற்பது நாற்காலி, நாற்பதிலும் அரசு ஊழியர்கள். மாற்றலுக்கு உண்மைக் காரணம், பக்கத்துக்காரருக்கு முதுகுத்தண்டு வலி, முன்னால் இருந்தவருக்கு ஆஸ்துமா, இன்னொருவருக்குக் கல்யாண வயதில் பெண். எல்லோரும் எழுந்து நின்று, தாங்கள் குடியை விட்டுவிட்டதாகக் கணீரென்று அறிவித்தார்கள்.

வாசலில் ஒருவர் கை நடுங்க நின்றார். அதிகாரி சான்றிதழ் கேட்டார்.

"குடிக்கிறேன் சாரே. பார்த்தாலே தெரியலையா?"

"தெரியுது. ஆனா இடமில்லை. யாராவது எழுந்தா உட்காருங்க."

அந்த மனுஷர் உள்ளே வந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நாற்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். நடுங்கும் கை தன் தோளைத் தொட்டதும் பங்கஜாக்ஷன் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டு, "நான் நோயாளிங்க," என்றார்.