கட்டில் ஏறக்கூடாத கம்பளி

"இனிமே இந்தச் சனியன் கட்டில் பக்கமே வரக்கூடாது. ஆமா, சொல்லிட்டேன்!"

மனைவி சனியன் என்றது டெய்லரை அல்ல. அவர் மார்போடு அணைத்துக்கொண்டிருந்த பழைய கம்பளியை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவரோடு படுத்து எழுந்த கம்பளி. அதன் நிறம் என்னவென்று அதற்கே மறந்துவிட்டது. ஒரு மூலை நைந்து நூலாகத் தொங்கியது. ஆனால் போர்த்திக்கொண்டால் எப்பேர்ப்பட்ட குளிரும் வாசலோடு திரும்பிப் போய்விடும். விடியும்போது மட்டும் அது எப்படியோ மனைவி பக்கம் போயிருக்கும், இழுத்தாலும் வராது.

"இதுக்கென்ன குறைச்சல்?" என்றார் டெய்லர்.

"ஊருக்கெல்லாம் தைக்கிறவர் வீட்டுக் கட்டில்ல கந்தல் கிடந்தா நல்லாவா இருக்கு? இந்தாங்க, உங்களுக்குன்னு ஆசையா வாங்கிட்டு வந்தேன்."

புத்தம்புதுப் பஞ்சுப் போர்வை. மூட்டை மாதிரி இருந்தது.

"உனக்கு?"

"எனக்கு எதுக்குங்க புதுசு? இருக்கிறதை வச்சு ஒப்பேத்திக்கிறேன்."

டெய்லருக்கு மனசு இளகிவிட்டது. கம்பளியைக் கொடுத்தார். அது பரணுக்குப் போனது.

புதுப் போர்வை அவரோடு ஒட்டவே இல்லை. இழுத்தால் வழுக்கியது, புரண்டால் கட்டிலை விட்டே இறங்கிப் போனது. தூக்கமில்லாமல் ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்தார். தொழிலுக்கே ஆபத்து என்று ஆன பிறகு சும்மா இருக்க முடியுமா?

மனைவி கடைவீதிக்குப் போன நேரம் பார்த்துக் கம்பளியையும் புதுப் போர்வையையும் தையற்கடைக்குத் தூக்கிப் போனார். போர்வையின் ஒரு பக்கத்தைப் பிரித்தார். பஞ்சை உருவினார். உள்ளே கம்பளியை விரித்து, தையல் போட்டு மூடினார். மிஞ்சிய பஞ்சில் மிஷின் ஸ்டூலுக்கு ஒரு திண்டும் ஆயிற்று. அன்றைக்கு அவர் விட்ட குறட்டையில் ஜன்னல் அதிர்ந்தது.

மறுநாள் காலை மனைவி நாற்காலி போட்டு ஏறிப் பரணைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, இங்க வச்ச கம்பளி எங்க?"

"அதுவா... பழைய துணிக்காரர் வந்தாரு. தூக்கிப் போட்டுட்டேன். நீதானே சனியன்னு சொன்னே?"

மனைவியின் முகம் தொங்கிப் போயிற்று. "யாரைக் கேட்டுப் போட்டீங்க? ஒரு... ஒரு தரை துடைக்கவாவது ஆகியிருக்காதா?"

அதற்கப்புறம் பேச்சில்லை. சாப்பாட்டில் உப்பும் இல்லை.

தரைத்துணிக்கா இவ்வளவு கோபம் என்று டெய்லர், வெட்டுத் துணிகளை இணைத்து, ஓரம் மடித்து, பூ வேலை எல்லாம் செய்து இரண்டு தரைத்துணி தைத்துக் கொடுத்தார். அவற்றை அவர் முகத்திலேயே எறிந்தாள் மனைவி. எறிந்த வேகத்தில் அவள் கண் கட்டில்மேல் போனது.

"இது ஏன் இப்படி இளைச்சுக் கிடக்கு?"

"புதுப் பஞ்சு படியும்மா. அப்படித்தான்."

"படியுமா? பஞ்சைக் கம்மி பண்ணி என் தலையில கட்டியிருக்கான் அந்தப் போர்வைக் கடைக்காரன்! விடுவேனா?"

யார் மேலோ இருந்த கோபத்துக்கு ஆள் கிடைத்துவிட்டது. சாயந்தரம் டெய்லர் வீட்டுக்கு வந்தபோது கட்டில் மொட்டையாகக் கிடந்தது.

"பிரிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்னு கடைக்காரர் வாங்கி வச்சுக்கிட்டாரு" என்றாள்.

டெய்லர் செருப்புக்கூட மாட்டாமல் ஓடினார்.

அங்கே எல்லாம் முடிந்திருந்தது. போர்வைக் கடைக்காரர் மேஜைமேல் கம்பளியை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க டெய்லர். இவ்வளவு நேர்த்தியான தையல் நம்ம சரக்குல கிடையாதேன்னு அப்பவே நினைச்சேன்."

டெய்லர் பாய்ந்து கம்பளியை அள்ளிக்கொண்டார். மானம் போனது போகட்டும், இது கிடைத்ததே! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அண்ணே, உங்க கையைக் காலா நினைச்சுக் கேட்கிறேன். இதை அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. இந்தக் கம்பளியைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. தெரிஞ்சா கொளுத்திடுவா."

கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆகாதா? புதுசு வாங்க வந்தப்ப உங்க வீட்டம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? 'இதை அவர் தலையில கட்டிட்டாத்தான் அந்தப் பழைய கம்பளி எனக்கே எனக்குன்னு கிடைக்கும்'னாங்க!"