டிரிப்புக்கு மூணு பட்டன்

ராயபுரத்திலிருந்து எண்ணூருக்கு ஓடும் ஷேர் ஆட்டோக்காரர்களில், முந்திப் போவதைச் சிக்கனமாகச் செய்த ஒரே மனிதர் பட்டன்தான். மற்றவர்கள் ஒரு பூனை நுழையும் சந்து கிடைத்தாலே வண்டியைச் சொருகுவார்கள். பட்டன் ஒரு டிரிப்புக்கு மூன்று தடவைதான் முந்துவார். அது தீர்ந்த பிறகு முன்னால் குப்பை லாரியே போனாலும் அதன் பின்னாலேயே போவார். நாங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

எல்லாவற்றுக்கும் காரணம் செல்போன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதோ வெளிநாட்டு கார் ரேஸ் பார்த்திருக்கிறார். அதில் ஓட்டுகிறவனுக்கு ஒரு பட்டன் உண்டாம். அமுக்கினால் கொஞ்ச நேரம் இன்ஜினுக்குக் கூடுதல் பலம் வரும். முன்னால் போகிறவனைத் தாண்டிவிடலாம். ஆனால் இத்தனை தடவைதான் என்று அளவு வைத்திருக்கிறார்கள். ஆரம்பத்திலேயே அமுக்கித் தீர்த்தவன் கடைசியில் எல்லாருக்கும் வழிவிட்டுக்கொண்டு நிற்பான்.

“வேகமா போனவன் ஜெயிக்கலபா. எப்ப அமுக்கணும்னு காத்துகினு இருந்தான் பாரு, அவன்தான் ஜெயிச்சான்” என்று திங்கட்கிழமை வண்டியில் ஏறியவர்களுக்கெல்லாம் சொன்னார். செவ்வாய்க்கிழமை ஹேண்டில்பாரில் சிவப்பாக ஒரு காலிங்பெல் சுவிட்ச் முளைத்திருந்தது. அவருக்குப் பட்டன் என்று பேர் வந்தது அன்றைக்குத்தான்.

அதை அமுக்கினால் பாட்டு நிற்கும். ஃபேன் நிற்கும். ஹாரனும் நிற்கும். அந்தக் கரண்டெல்லாம் இன்ஜினுக்குப் போகிறது என்பது பட்டனின் கட்சி. மெக்கானிக் பாய் ஒயரை இழுத்துப் பார்த்துவிட்டு, “மாமு, இதால வண்டி இம்மிகூட ஸ்பீடா போவாது” என்றார்.

“வண்டிய வுடு பாய். பாட்டு நின்னா நான் ரோட்டைப் பாப்பேன்ல?”

பாய் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஹாரன் செத்துப்போவதால் நாங்கள்தான் ஹாரன். பட்டனின் கை சுவிட்சுக்குப் போனதும் உள்ளே இருப்பவர்கள் “ஓரம்! ஓரம்!” என்று கத்த வேண்டும். நான் கூச்சப்பட்டு உதட்டை மட்டும் அசைப்பேன். கண்ணாடியிலேயே பிடித்துவிடுவார். “இன்னா நைனா, வாய்ல ஐஸ் வெச்சிகினு வர்றியா?” எண்ணூரில் ஐஸ் கம்பெனியில் எனக்கு வேலை. வண்டியே சிரிக்கும்.

வீட்டிலும் இதே சட்டம்தான். ஒரு நாளைக்கு மூன்று கோபம். அவர் மனைவி லூர்து வாசலிலேயே நினைவூட்டுவார்: “யோவ், காலைலயே ரெண்டு கோவத்த செலவு பண்ணிட்ட. சாயங்காலம் எங்கண்ணன் வர்றாரு. ஒண்ண மிச்சம் வெச்சிக்க.” கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு எல்லாரும் இடித்துக்கொண்டு ஓடும்போது பட்டன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். இரண்டாவது பந்தியில், அண்டாவின் அடியிலிருந்து கறித்துண்டு மேலே வரும் நேரத்தில் இலை முன்னால் இருப்பார். பெரும்பாலும் அதற்குள் பிரியாணி தீர்ந்திருக்கும்.

அவருக்கு ஜென்மப் பகை ஜெட்டு. அதே ரூட்டில் ஓடும் இன்னொரு ஷேர் ஆட்டோக்காரர். இருக்கிற மூன்று பட்டனில் ஒன்று ஜெட்டை நினைத்துத்தான் தேயும். ஜெட்டு தாண்டிப் போகும்போது தலையை நீட்டி, “பட்டனு! மிச்சத்த பேங்க்ல போட்டு வெய்யி!” என்பார்.

ஒருநாள் காலை காசிமேட்டில் ரோஸி அக்கா ஏறினார். தெருத்தெருவாகக் கூடை சுமந்து மீன் விற்கிறவர். எண்ணூர்ப் பக்கம் ஒரு கேன்டீனில், எட்டு மணிக்குள் நல்ல சங்கரா கொண்டுவந்தால் தினமும் அவரிடமே வாங்குகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். தாமதமானால் வேறு ஆள். வெயிலில் கூவிக்கொண்டு திரிய வேண்டாம் என்பதால், ஏலத்தில் முட்டிமோதி ஒரு பெட்டி எடுத்து ஐஸ் போட்டு வந்திருந்தார்.

புறப்பட்ட சூட்டிலேயே ஜெட்டைத் தாண்ட ஒரு பட்டன் போனது. தண்டையார்பேட்டையில் தண்ணி லாரிக்கு ஒன்று. அப்புறம் பார்த்தால் ரோடு முழுக்க கன்டெய்னர் டிரெய்லர். வண்டி எறும்பாக ஊர்ந்தது. பெட்டியிலிருந்து தண்ணீர் என் செருப்பில் சொட்டியது.

“அமுக்குடா!” என்றார் ரோஸி அக்கா.

“டோல்கேட் தாண்டட்டும்கா. இங்க அமுக்கினா ரெண்டு வண்டி. அங்க அமுக்கினா மொத்த லைனும் நம்ம பின்னாடி.”

“மீனு நாறினப்புறம் எவன் பின்னாடி வருவான்? அமுக்குடா பேமானி!”

பட்டன் அமுக்கவில்லை. ரோஸி அக்கா எழுந்து, அவர் தோளுக்கு மேல் கையை விட்டு, தானே அமுக்கிவிட்டார்.

பாட்டு நின்றது. பழக்க தோஷத்தில் எல்லாரும் “ஓரம்! ஓரம்!” என்று அலறினோம். பழக்க தோஷத்தில் பட்டனும் முறுக்கினார். வண்டி இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவே பாய்ந்து, அங்கேயே மாட்டிக்கொண்டது. முன்னாலும் போக வழியில்லை, பின்னாலும் இல்லை. ரோஸி அக்கா பெட்டி மேல் கையை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

“இன்னொரு தபா அமுக்குண்ணே” என்றார் ஒருவர்.

“மூணும் பூட்ச்சி.”

அந்த நேரம் இடது ஓரத்தில், மண்ணில் இறக்கி ஜெட்டு வந்துகொண்டிருந்தார். சிரிப்பு முன்னால் வந்தது, வண்டி பின்னால் வந்தது. “இன்னா பட்டனு, நாலாவது கீதா?”

“ஜெட்டு! நில்றா!”

“ஏன், கல்லு வுடப் போறியா?”

“அக்கா மீனு கீதுடா. எட்டு மணிக்குள்ள கேன்டீனு. ஏத்திக்கினு போ.”

ஜெட்டின் சிரிப்பு நின்றது. பட்டன் இறங்கி, டிரெய்லர் சக்கரத்துக்கும் வண்டிக்கும் நடுவே பக்கவாட்டில் நுழைந்து, பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக் கொடுத்தார். ஐஸ் தண்ணீர் அவர் முகத்தில் ஊற்றியது. ரோஸி அக்காவையும் ஏற்றி அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“ரேஸ்லயும் இது கீதுபா” என்றார். “டீம் ஆர்டரு. நம்மாளு ஜெயிக்கணும்னா நாமளே வழி வுடணும்.”

“ஜெட்டு எப்பண்ணே நம்மாளு ஆனான்?”

“ஜெட்டு இல்லடா. அக்கா.”

மீன் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கேன்டீனில் ரோஸி அக்காவையே தினமும் கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள். பெட்டி ஏற்றும் வாடகை ஜெட்டுக்கு நிரந்தரமானது. பட்டன் அதற்காக ஒரு கோபம்கூடச் செலவழிக்கவில்லை.

மறுநாள் காசிமேட்டில் ஜெட்டு வண்டியில் பெட்டியை ஏற்றிவிட்டு, ரோஸி அக்கா எங்கள் வண்டிக்கு வந்து ஏறினார். “இன்னாக்கா, மீனு அங்க போவுது?” என்று கேட்டோம்.

“மீனுக்கு அவசரம். எனக்கு இன்னா?” என்று வெற்றிலையை மடித்தார்.

ஜெட்டு இப்போது என்னையும் கூப்பிடுகிறார். அவர் வண்டியில் போனால் வேலைக்கு நேரத்துக்குப் போய்விடலாம். நான் வேண்டாமென்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு, பின்னால் வரும் பட்டனின் வண்டிக்கு நிற்கிறேன்.